பெர்க்மனின் முகமும் ஒரு தெர்மோகோல் அட்டையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'காசாபிளாங்கா'வை (1942) முதல்முறையாகப் பார்த்தேன். இதெல்லாம் தாத்தா காலத்து ஏக்கம் என்கிறான் அறை நண்பன். எனக்கு வயது 24. தெரியாத காலத்துக்கு எப்படி ஏங்குவது? ஆனாலும் இங்க்ரிட் பெர்க்மன் முகம் வந்தால் கண்ணை எடுக்க முடியவில்லை. அந்த ஒளிர்வு எங்கிருந்து வருகிறது? என் குறும்படத்துக்கு இரண்டு எல்.இ.டி. விளக்கு, சாஃப்ட்பாக்ஸ், எடிட்டிங்கில் ஒரு 'க்ளோ' எஃபெக்ட் எல்லாம் போட்டுப் பார்த்தேன். நாயகியின் முகம் சோப்புக்கட்டி மாதிரி வந்தது. அந்தப் படங்கள் இன்றும் பிடிப்பதற்கு நட்சத்திரங்களின் அழகுதான் காரணமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அழகு உண்டு. ஆனால் ஒரு பட்டறையே உட்கார்ந்து செய்த அழகு அது. 'காசாபிளாங்கா'வின் ஒளிப்பதிவாளர் ஆர்தர் எடெசன், 1931-ல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' பூதத்துக்கு ஒளியமைத்தவர். அதே கைதான் பெர்க்மனுக்கும். பெரும்பாலும் அவருடைய இடப்பக்க முகத்தையே எடுத்தார், லென்ஸுக்கு மெல்லிய வலைத்துணி போட்டார், கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் மின்னத் தனியாக ஒரு சின்ன விளக்கு வைத்தார்.

உங்கள் சோப்புக்கட்டிக்கு வருவோம். முதலில் விளக்கின் முன் மாட்டி வெளிச்சத்தைப் பரப்பும் அந்தத் துணிப்பெட்டியை, சாஃப்ட்பாக்ஸைக் கழற்றுங்கள். அந்தப் படங்களின் ஒளிர்வு மெத்தென்ற விளக்கிலிருந்து வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஃப்ரெனல் லென்ஸ் (வெளிச்சத்தைக் குவிக்கும் வரிவரியான கண்ணாடி) வைத்த விளக்கிலிருந்து வரும் கடின வெளிச்சம், நிழலின் ஓரம் வெட்டினாற்போல் விழும். அது கன்ன எலும்பைச் செதுக்கும். அதன் முரட்டுத்தனத்தை மேக்கப்பும் வலையும் தணிக்கும். நீங்கள் வெளிச்சத்தையும் மெத்தென்று ஆக்கி, அதன்மேல் எஃபெக்ட்டும் போட்டால் முகத்தில் நிழலே மிஞ்சாது.

கீ லைட்டை, அதாவது முதன்மை விளக்கை, காமிராவின் நேர்க்கோட்டிலேயே, நாயகியின் கண்ணிலிருந்து சுமார் 45 பாகை உயரத்தில், முகத்திலிருந்து 4 அடியில் வையுங்கள். மூக்குக்குக் கீழே சின்ன நிழல் விழும். அது மேலுதட்டைத் தொட்டால் மீசை முளைத்துவிட்டது என்று அர்த்தம், விளக்கைக் கொஞ்சம் இறக்குங்கள். ரொம்ப உயரத்தில் இருந்தால் கண்குழி கறுத்து, கண்ணில் பொட்டு வெளிச்சமும் போய்விடும். கண் செத்தால் ஷாட் செத்தது. மோவாய்க்குக் கீழே, ஃபிரேமுக்கு வெளியே, ஒரு தெர்மோகோல் அட்டையைப் பிடிக்கச் சொல்லுங்கள். நாயகியைச் சுவரிலிருந்து 8 அடி தள்ளி நிறுத்துங்கள். விளக்கிலிருந்து முகம் 4 அடி, சுவர் ஏறத்தாழ 12 அடி. தூரம் மூன்று மடங்கு என்றால் வெளிச்சம் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. சுவர் தானாக இருளும், முகம் முன்னால் வரும். இரண்டாவது விளக்கு பின்னால், உயரத்தில், முடியின் ஓரத்துக்கு. அது லென்ஸுக்குள் அடித்தால் படம் முழுக்க வெளிறிவிடும், ஒரு கறுப்பு அட்டையைக் கட்டராக வைத்து மறையுங்கள்.

இது 1930-களின் நட்சத்திரம் மார்லீன் டீட்ரிச்சுக்கு வைத்த முறைக்கு நெருக்கமானது. பெர்க்மனுக்கு விளக்கு பக்கவாட்டில் நகரும். தொடங்குகிறவருக்கு டீட்ரிச் முறைதான் பத்திரம்.

எடிட்டிங் எஃபெக்ட்டுக்குப் பதில் கறுப்பு நைலான் ஸ்டாக்கிங்கை ஒற்றை அடுக்காக லென்ஸின் முன் இழுத்துக் கட்டுங்கள். தோலை வழவழப்பாக்கும் எஃபெக்ட்டுக்கு மருவும் இமைமுடியும் ஒன்றுதான், இரண்டையும் தேய்த்துவிடும். வலை அப்படிச் செய்யாது. வெளிச்சமான இடத்தைச் சுற்றி மட்டும் ஒளியைக் கொஞ்சம் கசியவிடும், இமையின் கோடு பெருமளவு அப்படியே நிற்கும். வெள்ளை வலை நிழலுக்குள்ளும் பால் ஊற்றும், ஆகவே கறுப்பு. லென்ஸ் 50 எம்.எம். அல்லது அதற்கு மேல், அபர்ச்சர் எஃப் 2.8 அல்லது அதைவிட அகலம். எஃப் 8-க்குப் போனால் வலையின் கண்ணிகளே படத்தில் தெரியத் தொடங்கும். செல்போன் லென்ஸில் இது சரிப்படாது. இன்னொன்று: நாயகிக்கு வலை போட்டு நாயகனுக்குப் போடாவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் கண் உறுத்தும். பழைய படங்களிலேயே இந்தக் குதிப்பு ஏராளம், பார்த்தால் சிரிப்பு வரும்.

முகத்துக்காக விளக்கையே புதிதாகச் செய்த கதையும் உண்டு. நடிகை மெர்ல் ஓபரான் 1937-ல் லண்டனில் கார் விபத்தில் சிக்கியதில் முகத்தில் தழும்புகள். ஒளிப்பதிவாளர் லூசியன் பலார்ட், லென்ஸை ஒட்டி மேலே பொருத்தும் ஒரு விளக்கை அவருக்காக அமைத்தார். பார்க்கும் திசையிலிருந்தே வெளிச்சம் வந்தால் மேடுபள்ளத்தின் நிழல் காமிராவுக்குத் தெரியாது. 'ஓபி' என்ற பெயர் அந்த விளக்குக்கு நிலைத்தது, பலார்ட் 1945-ல் அவரையே மணந்துகொண்டார். ஓபரான் மறைத்தது தழும்பை மட்டுமல்ல. பம்பாயில் பிறந்த ஆங்கிலோ-இந்தியர் என்பதை மறைத்து, தாஸ்மேனியாவில் பிறந்தவள் என்றே வெகுகாலம் சொல்லிவந்தார். வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதாகக் காட்டக்கூடாது என்று தணிக்கை விதியே இருந்த ஊர் அன்றைய ஹாலிவுட். நம் பக்கமும் இந்தப் பாடம் வந்தது. அமெரிக்கரான இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கன், 'மீரா' (1945) எடுக்கும்முன் எம்.எஸ். சுப்புலட்சுமியின் மார்பளவுச் சிலையைச் செய்யவைத்து, ஒளிப்பதிவாளர் ஜித்தன் பானர்ஜியுடன் அதன்மேல் விளக்குகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்.

விளக்கு இத்தனையும் செய்யும். ஆனால் இவ்வளவோடு நின்றால் ஸ்டூடியோ போட்டோதான் கிடைக்கும். மீதி வேலையைச் செய்தது தணிக்கை என்பது என் கட்சி. ஹாலிவுட்டுக்காக 1930-ல் எழுதப்பட்ட தணிக்கை விதிகளை 1934 முதல் தணிக்கைத் தலைவர் ஜோசப் பிரீனின் அலுவலகம் கறாராக அமல்படுத்தியது. விதிகள் 1968 வரை இருந்தன. முத்தம் மூன்று நொடியைத் தாண்டக்கூடாது என்பது அன்றைய நடைமுறை. 'நொட்டோரியஸ்' (1946) படத்தில் ஹிட்ச்காக் அதற்குக் கீழ்ப்படிந்தே ஏய்த்தார். பெர்க்மனும் கேரி கிராண்டும் முத்தமிடுவார்கள், விலகுவார்கள், இரவுக்குக் கோழி சமைப்பதைப் பேசுவார்கள், மறுபடி முத்தமிடுவார்கள். போன் பேசும்போதும் விலகுவதில்லை. ஒரே ஷாட், இரண்டரை நிமிடம் வரும். விதி இல்லாவிட்டால் ஒரு நீண்ட முத்தம் கிடைத்திருக்கும், இந்த அன்னியோன்னியம் கிடைத்திருக்காது.

'காசாபிளாங்கா'விலும் அதே கதை. பெர்க்மன் நடித்த பெண் கல்யாணமானவள், பாரிஸில் ரிக் என்ற இன்னொருவனோடு இருந்தாள் என்பதை பிரீன் அலுவலகம் ஏற்கவில்லை. கணவன் இறந்துவிட்டதாக அவள் நம்பினாள் என்பது அந்தச் சிக்கலைத் தீர்த்தது. பிறகு ரிக்கின் அறையில் தழுவல், உடனே விமான நிலையக் கோபுரத்தின் சுழல்விளக்கு, மறுபடி அறைக்கு வந்தால் ரிக் சன்னலருகே சிகரெட்டோடு நிற்கிறான். நடுவில் என்ன நடந்தது என்று இன்னும் வாதிடுகிறார்கள். திரைக்கதையோ படப்பிடிப்பின்போதும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. எந்த ஆணை நேசிப்பதாக நடிக்க என்று கேட்டதற்கு, இரண்டுக்கும் நடுவில் நடி என்பதுபோல்தான் தனக்குப் பதில் கிடைத்தது என்று பெர்க்மன் பின்னாளில் சொன்னார். ரிக்கின் விடுதியில் பியானோ வாசிக்கும் சாம் அவர்களுடைய பழைய பாட்டைப் பாடும்போது காமிரா பெர்க்மன் முகத்தில் போய் நிற்கிறது, நகர்வதில்லை. சொல்லக்கூடாத ஒன்று அந்த முகத்துக்குள் இருக்கிறது, அதனால்தான் உங்களால் கண்ணை எடுக்க முடியவில்லை.

மறுபடி பார்க்கும்போது டிவியில் 'ஜூம்' போடாதீர்கள். அகலம் உயரத்தைப்போல் 1.37 மடங்கே உள்ள படத்தை அகலத்திரைக்கு நிரப்பினால் உயரத்தில் கால்பங்கு அளவுக்கு வெட்டுப்படும், எடெசன் பார்த்து வைத்த நெற்றியும் தொப்பியும் போகும். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணையுங்கள். 1988-ல் ஒளிபரப்பான வண்ணமேற்றிய வடிவம் கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடுங்கள்.

உங்கள் குறும்படத்து நாயகி எதை மறைக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. அதை எழுதி அனுப்புங்கள், எந்தப் பக்க முகம் என்பதை அப்புறம் பேசலாம்.