பெரிய கனவு, ஓடாத வண்டி: அப்படி ஒரு இந்திய கார் கம்பெனி இருந்தால் சொல்லுங்களேன், சிரிக்கலாம்

பழைய கார்களைக் கலாய்க்கும் யூடியூப் வீடியோ எதையோ பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வயது இருபதுகளில் இருக்கும். தப்பில்லை. ஆனால் இந்த மாதிரிக் கேள்வி வந்தாலே யாராவது ஒருவர் "ஸ்டாண்டர்ட் 2000" என்று ஒற்றை வரி போட்டு, பக்கத்தில் சிரிப்புப் பொம்மை ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார். எங்கள் தாய்மாமா அந்த வண்டி வைத்திருந்தார். அதனால் எனக்குக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

ஸ்டாண்டர்ட் மோட்டார் நம்ம மெட்ராஸ் கம்பெனி. வண்டலூர் பக்கம் ஃபேக்டரி. சுதந்திரத்துக்கு அப்புறம் இங்கிலாந்து ஸ்டாண்டர்ட் கம்பெனியோடு சேர்ந்து முதலில் வேன்கார்டு என்ற கார் போட்டார்கள், பிறகு ஹெரால்டு. வெள்ளைக்காரன் ஹெரால்டை இரண்டு கதவோடு நிறுத்திக்கொண்டான். பாட்டியைப் பின்சீட்டில் ஏற்றி இறக்கும் கஷ்டம் இவர்களுக்குத் தெரியும். நாலு கதவு வைத்தார்கள். அதைப் பாராட்ட ஒரு வீடியோவும் கிடையாது. எழுபதுகளில் கெஸல். அதற்கப்புறம் சில வருடம் கார் போடுவதையே விட்டுவிட்டார்கள்.

பிறகுதான் அந்தப் பேராசை. ரோவர் எஸ்டி1 என்று ஒரு கார், 1976-ல் இங்கிலாந்தில் வந்து, மறு வருடமே ஐரோப்பாவின் சிறந்த கார் விருதைத் தட்டியது. இத்தாலி ஸ்போர்ட்ஸ் கார் ஃபெராரி டேடோனாவின் சாயலில் வரைந்த முகம். அதை எடுத்து வந்து 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று இறக்கினார்கள். அம்பாசிடரும் பத்மினியும் மட்டுமே பார்த்துப் பழகிய ஊரில் அது போகும்போது டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள்.

உடம்புதான் ரோவர். அங்கே மூன்றரை லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர் என்ஜின், உட்கார்ந்திருந்த இடத்தில் இங்கே நாலு சிலிண்டர், 1991 சிசி. 1947-ல் இங்கிலாந்தில் வந்த வேன்கார்டின் வம்சம். ஃபெர்குசன் டிராக்டரில் ஏர் இழுத்ததும் அதே வம்சம்தான். "ஃபெராரி மூக்கு, டிராக்டர் நெஞ்சு" என்று சிரிப்பவர்களுக்கு ஒரு தகவல்: 1954-ல் இங்கிலாந்தின் ஆர்ஏசி ராலி என்ற கார் பந்தயத்தை ஜெயித்த ட்ரையம்ப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காருக்குள்ளும் அதே வம்சத்து என்ஜின்தான். ஆக என்ஜின் சோப்ளாங்கி இல்லை. முப்பது வருடம் கழித்து அதைக் கூப்பிட்டு, அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கு என்றதுதான் அநியாயம்.

விலை இரண்டு லட்சத்துக்கு மேல். மாருதி 800 அப்போது ஐம்பதாயிரத்தை ஒட்டி. மைலேஜ் பற்றிக் கம்பெனி சொன்ன கணக்கு சர்ச்சையாகி டெல்லி வரை போனது. 1988-ல் உற்பத்தி நின்றது. அவ்வளவுதான் சரித்திரம்.

கம்பெனிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அங்கே வேலை பார்த்ததும் இல்லை. ஆனால் அம்பாசிடர் கம்பெனிக்காரர்கள், வாக்ஸ்ஹால் என்ற இங்கிலாந்து காரின் உடம்புக்குள் அம்பாசிடர் என்ஜினைப் போட்டு 1984-ல் காண்டெசா விற்றார்களே, அதை மட்டும் ராஜா வண்டி என்று இன்றைக்கும் கொண்டாடுகிறீர்கள். அங்கே பிறகு ஜப்பான்காரனின் இசுசு என்ஜின் வந்து மானத்தைக் காப்பாற்றியது. இவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சரி, மாமா. செங்கல்பட்டில் உரக்கடை வைத்திருந்தார். கம்பெனி மூடிய சமயத்தில் ஒரு டாக்டரிடமிருந்து அடிமாட்டு விலைக்கு அந்த வண்டியை வாங்கினார். வெள்ளை நிறம். கடைப் பையன் தினமும் விடியற்காலையில் துடைப்பான், மாமா நின்று மேற்பார்வை பார்ப்பார். யாராவது "ஸ்டாண்டர்டா?" என்று கேட்டால் "ரோவர்" என்பார்.

1990 ஐப்பசியில் என் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் பேசலாம் என்று அப்பா சொன்னதும் மாமாவுக்கு வந்ததே கோபம். "தாய்மாமன் நான் உயிரோட இருக்கேன், வாடகைக் காரா? இதுதான் என் சீர்" என்றுவிட்டார். (வேறு சீர் எதுவும் வரவில்லை என்று அம்மா அப்புறம் கண்டுபிடித்தாள்.)

அந்த வருடம் குவைத்தில் சண்டை. பெட்ரோல் விலையில் கால் பங்கு சர்சார்ஜ் ஏற்றியிருந்தார்கள். மாமா ஏற்கெனவே ஐம்பது ரூபாய்க்கு மேல் பெட்ரோல் போடாதவர். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை அரை மைல்தானே என்று தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டார். மேளமும் கேஸ் லைட்டும் முன்னால் போக, ஃபர்ஸ்ட் கியரில் நத்தை மாதிரி ஒரு மணி நேரம் ஊர்வது அவர் கணக்கில் இல்லை. மத்தியானம் முழுக்க ரயில்வே ஸ்டேஷனுக்கும் மண்டபத்துக்கும் உறவுக்காரர்களை ஏற்றி இறக்கிப் பெருமை அடித்ததும் இல்லை.

அந்த வண்டியின் பின்கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கும். அதைத் திறந்து வைத்து வாண்டுகளை உட்கார வைத்திருந்தார்கள். நானும் அதில் ஒருவன். பஜார் முனையில் வண்டி இரண்டு உலுக்கு உலுக்கி நின்றது. நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, பாட்டை நிறுத்தாமல் அதே இடத்தில் நின்று வாசித்தார். உள்ளே கோட்டும் மாலையுமாக அத்தான்.

மாப்பிள்ளையின் பெரியப்பா அம்பாசிடர்காரர். இதற்காகவே காத்திருந்தவர் போல வந்தார். "என்ன சம்பந்தி, சீமை வண்டிக்கு நம்மூர்க் காத்து ஒத்துக்கலையா?"

பெட்ரோல் போடவில்லை என்று மாமா சொல்லியிருக்கலாம். சபையில் கஞ்சன் பட்டம் வந்துவிடுமே. பானெட்டைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு, "கார்புரேட்டர்ல அடைப்பு. ஸ்டாண்டர்ட் கம்பெனிக்காரன் சரியா பண்ணலை" என்றார். அதுவரை ரோவராக இருந்த வண்டி அந்த நிமிடம்தான் ஸ்டாண்டர்ட் ஆனது! அதே நேரம் கடைப் பையன் சைக்கிளில் பின்பக்கமாக வந்து, எங்களை இறங்கச் சொல்லிவிட்டு, கேனிலிருந்து ஊற்றியதை நாங்கள் ஐந்தாறு வாண்டுகள் கண்ணால் பார்த்தோம். மாமா எங்களைப் பார்த்த பார்வையில் யாரும் வாய் திறக்கவில்லை. பெட்ரோல் மேலே ஏறிப் பிடிப்பதற்குள் ஆளாளுக்குக் கை கொடுத்து மண்டபம் வரை தள்ளியே விட்டார்கள்.

இன்றுவரை அத்தான் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில், எந்தக் கார் எங்கே தீப்பிடித்தாலும், "நம்ம ஸ்டாண்டர்ட் மாதிரி" என்று ஒருவர் எழுதுவார், பத்துப் பேர் சிரிப்பார்கள். நான் இரண்டு தடவை உண்மையை எழுதினேன். "மாமாவை விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறியே" என்றார் அத்தான். மாமாவையா விட்டுக்கொடுக்கவில்லை?

ஆதாரம் கேட்பீர்கள். ஒரு போட்டோகூட இல்லை. கல்யாண போட்டோகிராபர் மாப்பிள்ளை அழைப்பில் எடுத்த ஒரு ரோல் முழுவதும் "லைட் புகுந்துடுச்சு சார்" என்றார். முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கியிருந்தார். ஆல்பம் வர எட்டு மாதம். வந்த ஆல்பத்தில் யாரென்றே தெரியாத ஒரு குடும்பம் பந்தியில் சாப்பிடும் படம் நாலு. இந்த ஆளைப் பற்றித் தனியாக யாராவது கேள்வி கேட்டால் விரிவாக எழுதத் தயார். இப்போது டிரோன் எல்லாம் வைத்து லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள், ஆல்பம் மட்டும் அதே எட்டு மாதம்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊரில் யார் வீட்டுக் கொல்லையிலாவது ஸ்டாண்டர்ட் 2000 நின்றால் இரும்புக் கடைக்குத் தள்ளிவிடாதீர்கள். சாமானுக்கு இங்கே அலைய வேண்டாம். ஃபேக்டரியை ஏலம் விட்டபோது, ரோவர் பாகம் விற்கும் பிரிட்டிஷ் கம்பெனி ஒன்று அங்கே கிடந்ததை வாரிக்கொண்டு போய்விட்டது. நம் சாமானை நாமே பவுண்டு கொடுத்து வரவழைக்க வேண்டியதுதான்.

மைலேஜ் எவ்வளவு தரும் என்று மட்டும் கமெண்டில் கேட்காதீர்கள்.