ஒரே தெரு, மூன்று விளக்கங்கள்: தூசிக் கணக்கில் யாரை நம்புவது?

கேள்வி: எங்கள் குடியிருப்பை ஒட்டிப் பெரிய கட்டுமான வேலை நடக்கிறது. தூசி தாங்க முடியவில்லை என்று புகார் கொடுத்தோம். கட்டுமான நிறுவனம் ஒரு தனியார் ஆய்வகத்தை வைத்து ஒரு நாள் அளந்து, எல்லாம் வரம்புக்குள் இருப்பதாக அறிக்கை கொடுத்துவிட்டது. காற்றுச் சுத்திகரிப்பான் விற்க வந்தவரோ விடியற்காலையில் கைக்கருவியைக் காட்டி, அளவு பல மடங்கு அதிகம் என்கிறார். அதிகாரியைக் கேட்டால், இது பாலைவனத் தூசி, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார். வீட்டில் அம்மாவுக்கு ஆஸ்துமா. யார் சொல்வதை நம்புவது?

பதில்: மூவரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் மூவருமே அன்றைய வானிலையைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். அது தெரியாத தூசி அளவை வைத்துக்கொண்டு எதையும் வாங்கவும் கூடாது, எதிலும் கையெழுத்துப் போடவும் கூடாது.

பகலில் வெயில் தரையைச் சூடாக்கும்போது காற்று மேலெழும்பி, ஒரு கிலோமீட்டர், சில நாள் இரண்டு கிலோமீட்டர் உயரம் வரை தூசியைக் கலந்துவிடும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும். அதற்கு மேலே சூடான காற்று பாத்திரத்துக்குப் போட்ட மூடி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். முந்தைய நாள் மாலை கிளம்பிய தூசியும் புகையும் சில நூறு மீட்டருக்குள், சில சமயம் அதற்கும் குறைவான உயரத்துக்குள் அடைபட்டுக் கிடக்கும். 1952 டிசம்பரில் லண்டனில் நடந்தது இதுதான். அதற்கு முன்பும் அதே நிலக்கரிப் புகைதான். காற்று நின்று, மூடி விழுந்த ஐந்து நாளில் அது ஆயிரக்கணக்கானோர் உயிரைப் பறித்தது.

சுத்திகரிப்பான் விற்பவர் ஏன் விடியற்காலையில் வந்தார் என்று இப்போது புரிந்திருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் நுண்துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிவிடும். மலிவான லேசர் கருவி அந்த நீரையும் தூசிக் கணக்கில் சேர்த்துவிடும். காற்றின் தரத்தை அளக்கும் கண்காணிப்பு நிலையங்களில் உள்ள கருவிகள் பெரும்பாலும் காற்றைச் சூடாக்கி ஈரத்தை நீக்கிய பிறகே அளக்கும். அவரைப் பிற்பகல் மூன்று மணிக்கு அதே கருவியோடு வரச் சொல்லுங்கள்; வருகிறாரா பார்ப்போம். அயனி வெளியிடும் மாடலைத் தள்ளிவிடப் பார்த்தால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். அவற்றில் பல ஓசோனை உண்டாக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது நேரடிக் கெடுதல்.

அதற்காக, பிற்பகலில் கைக்கருவி குறைவாகக் காட்டினால் காற்று சுத்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மண், சிமென்ட், உடைத்த கான்கிரீட் ஆகியவற்றிலிருந்து வரும் தூசியில் பெரும்பகுதி பருமனான துகள், அதாவது பிஎம் 10 வகை. இந்த மலிவான கருவிகளில் பல, பிஎம் 2.5 என்னும் மிக நுண்ணிய துகளை ஓரளவு சரியாகப் பார்க்கும். பருமனான துகளைச் சரியாகப் பார்க்காது. திரையில் பிஎம் 10 என்று ஓர் எண் வரும், ஆனால் அது பெரும்பாலும் ஊகம். வறண்ட நாளில், ஜன்னல் விளிம்பில் விரலால் எழுதும் அளவுக்குத் தூசி படிந்திருக்கும்போதும் கருவி பச்சை காட்டும். உங்கள் புகாருக்கு இந்தக் கருவியைச் சாட்சியாக வைத்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

அடுத்து அந்த ஒரு நாள் அறிக்கை. எனக்கு மிகவும் கோபம் வருவது இதில்தான். மழை பெய்து ஓய்ந்த மறுநாள், அல்லது காற்று உங்கள் பக்கத்திலிருந்து கட்டுமான இடத்தை நோக்கி வீசும் நாளில் அளந்தால் எந்த இடமும் தேறிவிடும். அறிக்கையில் அளந்த நேரம், காற்றின் திசையும் வேகமும், மழை விவரம், அன்று தோண்டும் வேலை நடந்ததா என்பவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அதற்கு மதிப்பில்லை. ஆனாலும் இப்படிப்பட்ட தாள்கள் முத்திரையோடு கோப்பில் ஏறிக்கொண்டே இருக்கின்றன. கேள்வி கேட்க வேண்டிய மேசையில் யாரும் கேட்பதில்லை.

இனி அதிகாரியின் பதில். தொலைதூரத் தூசி உண்மைதான். சகாரா தூசி அட்லாண்டிக்கைத் தாண்டிக் கரீபியன் தீவுகள் வரை போகிறது. 2020 ஜூனில் போனது மிகப் பெரியது. கோபி பாலைவனத் தூசி கொரியா, ஜப்பான் வரை போகும். 2023 ஜூனில் கனடாக் காட்டுத்தீயின் புகை நியூயார்க் வானத்தையே ஆரஞ்சு நிறமாக்கியது. ஆனால் வெளியிலிருந்து வரும் தூசிக்கு ஓர் அடையாளம் உண்டு. நகரத்தின் எல்லா நிலையங்களிலும், பக்கத்து ஊர்களிலும் சில மணி நேர இடைவெளியில் அளவு சேர்ந்து ஏறும். கட்டுமான வேலைக்கு விடுமுறை விட்டாலும் இறங்காது. வேலை நடக்கும் நாளில் உங்கள் பக்கம் மட்டும் ஏறினால் பாலைவனத்தைக் கைகாட்ட முடியாது. ஐரோப்பாவின் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவையான கோப்பர்நிக்கஸ் தூசி முன்கணிப்பை இலவசமாகவே வெளியிடுகிறது. நாசாவின் வேர்ல்டுவியூ தளத்தில் அன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பார்க்கலாம். பார்த்துவிட்டு அதிகாரியிடம் தேதியோடு கேளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008 உத்தரவு, இயற்கையான தூசியின் பங்கை வரம்பு மீறலிலிருந்து கழிக்க அனுமதித்தது. ஆனால் கழிக்கிறவர்கள் ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரமே இல்லாமல் வாயால் கழிப்பதுதான் உங்களுக்கு நடந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன உச்ச அளவு, 24 மணி நேரச் சராசரியில் பிஎம் 10 கன மீட்டருக்கு 45 மைக்ரோகிராம். தூசி எங்கிருந்து வந்தது என்று அந்த எண் பிரித்துப் பார்ப்பதில்லை. வெளித்தூசி உண்மையிலேயே வந்த நாளில் கட்டுமான இடத்தில் இன்னும் கூடுதலாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும், தோண்டுவதை நிறுத்த வேண்டும்.

அம்மா அறையின் ஜன்னலை விடிகாலையில் மூடி வைத்து, வேலையும் பலத்த காற்றும் இல்லாத பிற்பகலில் திறங்கள். சுத்திகரிப்பான் வாங்குவதாக இருந்தால் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளது, அறையின் அளவுக்குப் போதுமானது, அயனி இல்லாதது போதும். புதுப் புகாரில் ஒன்றை மட்டும் அழுத்திக் கேளுங்கள்: கட்டுமான இடத்துக்குக் காற்று வந்து சேரும் பக்கத்திலும் அதைத் தாண்டிப் போகும் பக்கத்திலும் ஒரே நேரத்தில், மழையில்லாத வேலை நாட்களில், குறைந்தது ஒரு வாரம் அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த இடத்தின் தூசி.