கேம் விளையாடிக்கொண்டே கத்திப் பெரிய ஆளாகி, இப்போது ராப் பாடும் பிரிட்டிஷ் யூடியூபர் கேஎஸ்ஐ-க்கு உண்மையில் திறமை இருக்கிறதா? என் தம்பியும் அதே வழியில் போகிறான், என்ன செய்வது?

உங்கள் தம்பி பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற வயசு என்று வைத்துக்கொள்கிறேன். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாகக் கத்துவான். உங்கள் அப்பா இவனுக்கு வேப்பிலை அடிக்கலாமா என்று யோசித்திருப்பார். நடுவில் மாட்டிக்கொண்டு நீங்கள் இங்கே வந்து கேட்கிறீர்கள். சரி. கேள்வியில் 'கத்தி' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். இல்லையென்றால் வேறு யாராவது எழுதட்டும் என்று தள்ளிவிட்டுப் போயிருப்பேன்.

நான் மைக் பிடிப்பவன். வேலூர் பக்கம் தை பிறந்துவிட்டால் அணைக்கட்டு, கே.வி.குப்பம், ஊசூர் என்று ஊருக்கு ஊர் மாடு விடுவார்கள். மதுரைக்காரர்கள் இதை ஜல்லிக்கட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். இங்கே யாரும் மாட்டின் திமிலைப் பிடித்துத் தொங்குவதில்லை. தெருவில் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டி, இந்தக் கோட்டில் அவிழ்த்துவிட்டால் அந்தக் கோடுவரை மாடு ஓட வேண்டும். எத்தனை செகண்டில் ஓடியது என்பதுதான் கணக்கு. குறைந்த நேரத்தில் ஓடிய மாட்டுக்கு முதல் பரிசு. மேடையில் உட்கார்ந்து மாட்டின் பெயர், உரிமையாளர் ஊர், ஓடிய நேரம் எல்லாவற்றையும் சொல்வது என் வேலை. (மிருகவதை என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: 2014-இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது, 2017-இல் சட்டசபை சட்டம் போட்டது, அதில் எருது விடும் விழா என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள், 2023 மே மாதம் அந்தச் சட்டம் செல்லும் என்று அதே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சண்டையை வேறு கேள்விக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம்.)

இந்தப் பிழைப்புக்கும் கேஎஸ்ஐ-க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மாடு ஓடுவது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அடுத்த மாட்டை அவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. கயிறு சிக்கிக்கொள்ளும், மாடு திரும்பிக்கொள்ளும், உரிமையாளரும் விழாக் குழுவும் வாய்த்தகராறில் இறங்குவார்கள். ஆயிரக்கணக்கான ஜனம் வெயிலில் நிற்கும். அந்த நேரம் முழுக்க மைக்காரன் பேச வேண்டும். பேச்சு நின்றால் கூட்டம் ஓடுபாதைக்குள் இறங்கிவிடும். மாடு ஓடும்போது பேச எல்லாராலும் முடியும். ஓடாதபோது பேசுகிறவன்தான் மைக்காரன்.

என் அக்கா மகன்தான் எனக்கு இந்த ஆளின் பழைய வீடியோக்களைக் காட்டினான். இங்கிலாந்தில் வாட்ஃபோர்டில் வளர்ந்த பையன், அப்பா அம்மா நைஜீரிய வம்சாவளிக்காரர்கள். 2009-இல் யூடியூபில் சேனல் ஆரம்பித்து ஃபிஃபா என்ற ஃபுட்பால் கேமை விளையாடி, அதன்மேல் பேசிப் போட்டிருக்கிறார். எனக்கு அந்த இங்கிலீஷ் பாதி புரியவில்லை. ஆனால் என்ன செய்கிறார் என்பது உடனே புரிந்துவிட்டது. திரையில் பந்து சும்மா இந்தக் கால் அந்தக் கால் என்று போய்க்கொண்டிருக்கும். அவர் வீட்டுக் கதை, பள்ளிக்கூடக் கதை, யாரையோ கிண்டல் என்று பேசிக்கொண்டே இருப்பார். கோல் விழுகிற நொடியில் கதையை அப்படியே அறுத்துவிட்டு உச்சத்துக்குப் போவார். கோல் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து கதை. மேடையில் உட்கார்ந்து பார்த்தால்தான் இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். இதைக் கத்தல் என்று சொன்னால் எனக்குக் கோபம் வராதா?

அதனால் திறமை இருக்கிறதா என்றால், பேச்சில் இருக்கிறது. ராப்பில் சுமார்தான் என்பது என் கருத்து. ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டாம். 2015-இல் பி மணி என்ற ராப்பரைச் சேர்த்துக்கொண்டு ஒரு காரைப் பற்றிப் பாட்டுப் போட்டார், பிரிட்டன் ஹிட் பாட்டுப் பட்டியலில் 30-ஆம் இடம் வரை வந்தது. 2020-இல் தனியாகப் போட்ட முதல் ஆல்பம் இரண்டாம் இடம், 2021-இல் அடுத்த ஆல்பம் முதலிடம். யூடியூப் கூட்டம்தான் வாங்கித் தள்ளிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும், கூட்டத்தைச் சேர்த்தது யார்? 2024-இல் வந்த பாட்டை உலகமே கிண்டல் செய்தது, அக்கா மகனே சிரித்தான். நடுவில் குத்துச்சண்டை. லோகன் பால் என்ற அமெரிக்க யூடியூபரோடு 2018-இல் மான்செஸ்டரில் மோதி டிரா, அடுத்த வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜெயித்தார். 2022-இல் இரண்டு பேரும் சேர்ந்து குளிர்பானம் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் பக்கம் பங்காளிகள் அடித்துக்கொள்வார்கள். அங்கே அடித்துக்கொண்டவர்கள் பங்காளி ஆகிவிட்டார்கள்.

இப்போது அக்கா மகன் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அவனும் உங்கள் தம்பி மாதிரிதான். முதலில் பப்ஜி. 2020 செப்டம்பரில் அரசாங்கம் அதைத் தடை செய்ததும் ஃப்ரீ ஃபயர். அதுவும் போனது, வேறொன்று வந்தது. காட்பாடியில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து போனில் லைவ் போடுவான். பார்ப்பவர்கள் அவன் கிளாஸ் பையன்கள் நான்கைந்து பேர். அப்புறம் ராப் எழுதுகிறேன் என்று ஒரு நோட்டுப் போட்டான். அக்கா என்னிடம் வந்து, "உன்ன பாத்துதான்டா அவன் கெட்டான், நீ மைக்க புடிச்சிக்கினு சுத்தறதால" என்று திட்டினாள். அப்பேர்ப்பட்ட பாராட்டு எனக்கு வேறு யாரிடமும் கிடைத்ததில்லை.

ஒரு தை மாதம் அவனைக் கூடவே கூட்டிப் போனேன். ஊர் பெயர் வேண்டாம். எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, டோக்கன் சீட்டை வரிசையாக அடுக்குவது, அவ்வளவுதான் அவன் வேலை. மைக் தலையில் எப்போதும் ஒரு கைக்குட்டையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருப்பேன், புழுதிக்கும் எச்சிலுக்கும். மதியத்துக்கு மேல் ஒரு மாடு வெளியே வரவே மாட்டேன் என்று நின்றுவிட்டது. எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. 'மாமா, நான் பேசவா' என்றான். கைக்குட்டையோடு மைக்கைக் கொடுத்தேன்.

முதல் நிமிஷம் பயந்தான். அப்புறம் கேமில் பேசுகிற மாதிரியே ஆரம்பித்துவிட்டான். "ஸோன் சுருங்குது, ஸோன் சுருங்குது, தடுப்புக்கு உள்ள நிக்கிறவங்க எல்லாம் வெளிய வந்துருங்க" என்றான். (பப்ஜியில் ஆடும் இடம் சுருங்கிக்கொண்டே வரும், அதைத்தான் சொல்கிறான்.) நான் எத்தனையோ முறை கெஞ்சியும் நகராத இளவட்டங்கள் விசிலடித்துக்கொண்டு தடுப்புக்கு வெளியே தாவினார்கள். பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர் ஒருவரே திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அதற்குள் பையனுக்குக் குஷி வந்துவிட்டது. கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்து மாட்டுப் பெயர், ஊர்ப் பெயர், மாட்டுப் பெயர், ஊர்ப் பெயர் என்று தாளத்தோடு அடுக்க ஆரம்பித்தான். நோட்டில் எழுதியது ஒன்றுமில்லை, எல்லாம் அந்தச் சீட்டில் இருந்த பெயர்கள்தான். மேடைக்குக் கீழே இருந்த ஒரு பெரியவர், "இன்னாபா, ரெக்கார்டு மாட்டிக்கிச்சா?" என்று சவுண்ட் செட் பையனிடம் கேட்டார். அவரவர் ஊர்ப் பெயர் வரும்போது அந்தந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. ராப் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது.

ஒரு மாடு பாதி தூரம் ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தது. எந்த மாடும் செய்வதுதான். இவன் விட்டானா, "மாடு லேக் ஆகுது, நெட் இல்ல, இந்த ஊருக்கே நெட் இல்ல" என்று சொல்லிவிட்டான். கூட்டம் சிரித்தது. மாட்டுக்காரர்கள் சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் மேடையை நோக்கி வந்தார்கள்.

எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. மாடு நன்றாக ஓடினால் மாட்டையும் சொல், ஊரையும் சொல். ஓடாவிட்டால் பாதையைக் குறை சொல். வருஷம் முழுக்கப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வைத்து வளர்த்த ஆள் ஊர் முன்னால் தலைகுனியக் கூடாது. மைக்கை வாங்கி, "தெரு புதுசுங்கறதால காளை தயங்கியிருக்குது, இன்னொரு சுத்து பாக்கி இருக்குது, ஐயா பெரிய மனசு பண்ணி அமரணும்" என்று சொன்னேன். பையனை மேடையிலிருந்து இறக்கி மாட்டுக்காரரிடம் அனுப்பினேன். அவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பேசு, நல்லாத்தான் பேசற. மாட்ட பேசு. ஊர பேசாத" என்றார். அவ்வளவுதான் விசாரணை. அந்த மாடு இரண்டாவது சுற்றில் நேராக ஓடியது. பரிசு வரவில்லை. நேரத்தை மைக்கில் சொன்னது பையன்தான், நான்தான் சொல்ல வைத்தேன். சின்னப் பையனிடம் ஏன் மைக்கைக் கொடுத்தாய் என்று விழாக் குழுவில் சிலர் இன்றைக்கும் கேட்கிறார்கள். இன்னொரு முறையும் கொடுப்பேன்.

கேஎஸ்ஐ-யின் சர்ச்சைகளைப் பற்றிக் கேட்டால் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. 2012-இல் லண்டனில் ஒரு கேம் கண்காட்சிக்குக் கேமராவோடு போய், அங்கே வேலை பார்த்த பெண்களிடம் அசிங்கமாகப் பேசி வீடியோ போட்டார். பெரிய எதிர்ப்பு கிளம்பி, அடுத்த வருஷம் மைக்ரோசாஃப்ட் இனி இவரோடு வேலை செய்ய மாட்டோம் என்று சொல்லிவிட்டது. வயசுக்கோளாறு என்று அதை மன்னிக்கிறவர்களும் இருக்கிறார்கள், நான் அந்தப் பக்கம் இல்லை. நம் ஊரிலேயே பப்ஜி ஆடிக்கொண்டு பெண்களை ஆபாசமாகப் பேசியதாக வந்த புகாரில் ஒரு யூடியூபரை 2021 ஜூனில் தருமபுரியில் கைது செய்தார்கள். அவருக்கும் லட்சக்கணக்கில் கூட்டம் இருந்தது.

ஆனால் எனக்கு அதைவிட உறுத்துவது 2023 ஏப்ரலில் நடந்தது. கேஎஸ்ஐ-யும் அவர் நண்பர்களும் சேர்ந்து ஆரம்பித்த குழு சைட்மென். அந்தக் குழுவின், எழுத்துகளைச் சேர்த்து வார்த்தை கண்டுபிடிக்கிற ஒரு விளையாட்டு வீடியோவில், பாகிஸ்தான்காரர்களை இழிவாகச் சொல்லும் ஒரு வசைச்சொல்லை இவர் சொல்ல, சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். லண்டன் தெருவில் நம் ஆள் போனாலும் அதே சொல்தான் விழும், பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு யாரும் திட்டுவதில்லை. வீடியோவை எடுத்துவிட்டார்கள். அவர் மன்னிப்புக் கேட்டார், கொஞ்ச நாள் சமூக வலைத்தளங்களை விட்டு விலகினார், பிராட்ஃபோர்டில் ஒரு மசூதிக்குப் போய் அங்கிருந்தவர்களிடம் உட்கார்ந்து பேசினார். அதெல்லாம் சரி. நேரலையில் வாய் தவறிவிட்டது என்றால் மைக்காரனான எனக்குப் புரியும். இது ரெக்கார்டு செய்து, எடிட் செய்து, ஆற அமர ஏற்றிய வீடியோ. அத்தனை பேர் கை வழியாகப் போயிருக்கிறது. ஒருவருக்காவது கத்திரி போடத் தோன்றவில்லையே. எங்கள் ஊரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பத்துப் பேர் உடனே வந்துவிடுகிறார்கள். அங்கே யாரும் வருவதில்லை.

வந்ததே வந்தேன், இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாடு விடும் விழாக்களுக்கு இப்போது டிரோனும் கேமராவுமாக யூடியூப் சேனல்காரர்கள் வருகிறார்கள். படம் அவர்களுடையது. சத்தம் முழுக்க என்னுடையது. கீழே 'கமெண்ட்ரி வேற லெவல்' என்று ஜனங்கள் எழுதுகிறார்கள், சேனல்காரர் அதற்கு ஹார்ட் போடுகிறார். என் பெயர் ஒரு வீடியோவில்கூட இல்லை. கேட்டால், 'அண்ணா, உங்களுக்கு விளம்பரம்தானே' என்கிறார்கள். விளம்பரத்தை வைத்து ஆம்ப்ளிஃபயர் வாடகை கட்ட முடியுமா? விழாக் குழுவோ ஃப்ளெக்ஸ் பேனருக்குப் பணத்தைக் கொட்டுகிறது, அதில் இல்லாத முகம் இல்லை. மைக்காரனுக்கு மட்டும் 'அடுத்த வாரம் ஜிபே பண்றோம்.'

பெயர் என்றதும் அறிவு ஞாபகம் வருகிறார். ராப்பர் அறிவு அரக்கோணத்துக்காரர், அதாவது எங்கள் பழைய வட ஆற்காடு. 2019-க்கு முன்னால் வரை வேலூர் மாவட்டம்தான், பிரித்த பிறகு ராணிப்பேட்டையில் போய்விட்டது. உலகம் முழுக்க ஓடிய பாட்டுக்கு வரி எழுதிப் பாடிய அவரை விட்டுவிட்டு ஓர் இசைப் பத்திரிகை அட்டைப்படம் போட்டது என்று 2021 ஆகஸ்டில் பெரிய சண்டையே நடந்தது. நான் அதில் யார் பக்கம் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். உங்கள் தம்பி ராப்தான் பாடுவேன் என்றால் வாட்ஃபோர்டுக்குப் போக வேண்டாம், அரக்கோணம் பாசஞ்சரில் ஏறினால் போதும் என்று சொல்லுங்கள்.

என்ன செய்வது என்று கேட்டீர்களே, அதற்கு: அவன் லைவ் வீடியோ ஒன்றைப் போட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேளுங்கள். கேமில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் பையனிடம் விஷயம் இருக்கிறது, விட்டுவிடுங்கள். வெறும் இரைச்சல்தான் கேட்கிறது என்றால் உங்கள் அப்பா சொல்வதைக் கேட்கலாம். அவன் யாரையாவது திட்டுகிறானா, யார் ஊரையாவது, சாதியையாவது, வீட்டுப் பெண்களையாவது இழுக்கிறானா என்பதையும் அப்போதே காதில் வாங்கிக்கொள்ளுங்கள். இருந்தால் அன்றைக்கே கேளுங்கள், மறுநாள் வரை வைக்காதீர்கள்.

படிப்பு என்ன ஆகும், சோறு போடுமா என்று கமெண்டில் கேட்கிறவர்களுக்கு: என் அக்கா மகன் இப்போது பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். அரியர் இருக்கிறது. அது கேமுக்கு முன்னாலேயே வர வேண்டிய அரியர், மேத்ஸ். மற்ற கேள்விகளை மார்கழிக்குள் கேட்டுவிடுங்கள், தை வந்துவிட்டால் எனக்குப் பதில் எழுத நேரம் இருக்காது.