பாட்டில் பேசுபவர் யார்?

கேள்வி: என் வயது 26. என்னோடு நெருங்கிப் பழகும் நண்பர் ஒருவர் அண்மையில் எனக்கு ஒரு காதல் பாடலை அனுப்பினார். உடன் ஒரு சொல்லும் எழுதவில்லை. பல்லவியில் ‘நீயே என் உயிர்’ என்று உருகும் அந்தப் பாடல், இரண்டாம் சரணத்தில் விலகிப் போன ஒருத்தியை எண்ணி ஏங்குகிறது. அவர் காதலைச் சொல்கிறார் என்கிறாள் ஒரு தோழி. விடைபெறுகிறார் என்கிறாள் இன்னொருத்தி. வரிவரியாகக் கேட்டுப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை. ஒரு காதல் பாடலின் பொருளை எப்படிப் புரிந்துகொள்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பாடல் என்ன சொல்கிறது என்பது ஒன்று. அதை அனுப்பியவர் என்ன சொல்ல நினைத்தார் என்பது மற்றொன்று. இவற்றைப் பிரித்துக்கொள்ளாத வரையில் எத்தனை முறை கேட்டாலும் குழப்பம்தான் மிஞ்சும். முதல் கேள்விக்கான விடை பாடலுக்குள்ளேயே இருப்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

காதல் பாடலை வாசிக்கும் முறையை நம் முன்னோர் மிகத் தெளிவாக வகுத்து வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் செய்யுளியல், செய்யுளின் உறுப்புகளை அடுக்கும்போது கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவற்றையும் அவற்றோடு சேர்க்கிறது. யார் பேசுகிறார், யார் கேட்கிறார், எவ்விடத்தில், எப்பொழுது என்பவை தெரியாமல் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு பொருள் காண முடியாது என்பதே இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது. குறுந்தொகையின் 40ஆம் பாடலை நீங்கள் நிச்சயம் கேட்டிருப்பீர்கள். என் தாயும் உன் தாயும் யார் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த வகையில் உறவினர், நானும் நீயும் எப்படி அறிந்தோம் என்று அடுக்கிக் கேட்டுவிட்டு, செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரைப் போல நம் நெஞ்சங்கள் தாமாகவே கலந்துவிட்டன என்று முடிகிற பாடல் அது. தனித்துப் படித்தால் காதலின் வியப்பு மட்டுமே தெரியும். ஆனால் அதன் கீழுள்ள துறைக்குறிப்பு, தலைவன் தன்னைப் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் முகக்குறிப்பைக் கண்டு அவன் கூறியது என்கிறது. இதை அறிந்தபின் மீண்டும் படித்துப் பாருங்கள். அவளுக்குள் இருக்கும் ‘நீ எனக்கு யார், உன்னை எப்படி நம்புவது’ என்ற அச்சத்தையே அவன் எடுத்துத் தன் வாயால் கேட்கிறான். உறவென்று சொல்ல எதுவுமில்லை என்பதை ஒப்புக்கொண்ட பிறகே, கலந்துவிட்ட நீரை இனிப் பிரிக்க இயலாது என்று தேற்றுகிறான். ஓர் எழுத்தும் மாறவில்லை. வியப்பாக மட்டும் தெரிந்த பாடல் ஆறுதலாகவும் ஆகிவிடுகிறது. இந்த இரண்டாம் வாசிப்பே எனக்கு ஆழமானதாகப் படுகிறது.

இன்றைய பாடல்களுக்குத் துறைக்குறிப்பு கிடையாது. அந்த வேலையைப் பெரும்பாலும் சரணங்கள் செய்கின்றன. பல்லவி ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் திரும்பி வருவதால், அதே சொற்களை ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்ட பிறகு கேட்கிறோம். உங்கள் பாடலில் ‘நீயே என் உயிர்’ என்பது முதலில் எதிரே நிற்கும் ஒருத்தியிடம் சொல்வதாக ஒலித்திருக்கும். அவள் விலகிப் போனவள் என்று இரண்டாம் சரணம் தெரிவித்த பின்போ, கேட்பதற்கு அவள் அங்கே இல்லாத நிலையில் ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதாக ஆகிவிடுகிறது. ஆகவே, நீங்கள் விவரித்த அளவில், அது பிரிவுப் பாடலே. பல்லவியோடு நின்றுவிட்டதால்தான் முதல் தோழிக்கு அது வேறு விதமாகக் கேட்டிருக்கிறது.

உயிர், மரணம், ஏழு பிறவி போன்ற சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவை காதல் பாடலில் உயர்வு நவிற்சியாக வருபவை; உணர்வின் அளவைக் காட்டுமேயன்றி, வாக்குறுதி ஆகா. திரைப்பாடல்களில் பலவும் முதலில் மெட்டு அமைந்து, பிறகு அதற்குள் சொற்கள் அமர்த்தப்பட்டவை என்பதையும் நினைவில் வையுங்கள். எதுகைக்காகவும் சந்தத்துக்காகவும் வந்து அமர்ந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் பொருள் தேடுவது உங்களை வருத்துமே தவிர, அந்தப் பாடலைத் திறந்து காட்டாது.

அப்படியானால் நண்பர் விடைபெறுகிறாரா? இந்த முடிவுக்கு வர உங்களுக்கு ஆதாரம் ஏதும் இல்லை. பாடலில் பேசுபவர் வேறு, அதை எழுதியவர் வேறு, பாடுபவர் வேறு. ஆணாகிய நம்மாழ்வார் தம்மைப் பராங்குச நாயகியாக்கிப் பெண் குரலில் பாடியதை நாம் இயல்பாகவே ஏற்றுக்கொள்கிறோம். எழுதியவருக்கே பாடலின் குரல் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை என்னும்போது, அதை அனுப்பியவருடைய வாக்குமூலமாகக் கொள்வது எப்படிப் பொருந்தும்? முழுப் பாடலையும் மனத்தில் வைத்து ஒருவர் அனுப்புவது அரிது. ஒரு வரிக்காக அனுப்பியிருக்கலாம். மெட்டுக்காகவோ குரலுக்காகவோ கூட இருக்கலாம். இரண்டாம் சரணத்தை அவர் உற்றுக் கேட்காமலே இருந்திருக்கவும் கூடும்.

அந்த வரிகள் உங்களுக்காகவே எழுதப்பட்டவை போலத் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. அகப்பாடலில் வரும் மாந்தரை இன்னார் என்று பெயர் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் இல்லாததால்தான் கேட்பவர் எவரும் அந்த ‘நீ’ என்ற இடத்தில் தம்மை இருத்திக்கொள்ள முடிகிறது. இன்றைய காதல் பாடல்களும் பெரும்பாலும் அப்படியே அமைகின்றன. உங்கள் நெஞ்சம் அந்த இடத்தில் சென்று அமர்ந்திருக்கிறது. அதில் தவறேதும் இல்லை. அவரைப் பற்றி உங்களுக்குள் என்ன இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. அவருக்குள் என்ன இருக்கிறது என்பதை அவர் வாயால்தான் அறிய வேண்டும்.

ஆகவே அவரிடமே கேளுங்கள். ‘இந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்’ என்று கேட்டால் அவர் பாட்டை விளக்கிவிட்டுத் தப்பித்துக்கொள்வார். ‘எந்த வரிக்காக இதை எனக்கு அனுப்பினீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் ஒரு வரியைச் சுட்டிக்காட்டினால், அதை யார் யாரிடம் சொல்வதாக நினைத்து அனுப்பினார் என்பதையும் தயங்காமல் கேட்டுவிடுங்கள். நேரான பதில் வராவிட்டால், அவர் உங்களிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு நீங்களும் ஒரு பாடலை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். அவரிடம் உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஏதேனும் இருந்தால் அதை உங்கள் சொந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள்.