ரயில் ஏறுமுன் ஒரு கணக்கு: கலைத்துறைக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "கையில் காசு கம்மி, சென்னைக்குப் போகலாமா அண்ணாச்சி?" என்றுதான் முடிகின்றன. எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. எதற்குப் போகிறீர்கள், யார் வாசலில் போய் நிற்கப் போகிறீர்கள், முதல் மூன்று மாத வாடகை எங்கிருந்து வரும்? இதற்கெல்லாம் விடை இருந்தால் தாராளமாகப் போங்கள். இல்லாதவர்களிடம் கொஞ்சம் கறாராகவே பேசியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முக்கூடலிலிருந்து ஒரு மாணவன்: பிளஸ் டூ, அரசுப் பள்ளி. அம்மா பீடி சுற்றுகிறாள், அப்பா இல்லை. சென்னை கவின் கலைக் கல்லூரியில் சேர ஆசை. "படம் படிச்சு போர்டு எழுதவா போற?" என்கிறார் மாமா. எங்களால் முடியுமா?

முடியும் தம்பி. போர்டு எழுதுவதை மாமா அத்தனை இளப்பமாகப் பேச வேண்டாம். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்னால் நம் திருநெல்வேலி ஜங்ஷன் வட்டாரத்தில் போர்டு எழுதியே பிள்ளைகளைக் கரையேற்றியவர்கள் உண்டு.

நீ சொல்வது 1850-இல் தொடங்கிய கல்லூரி. இன்று அரசுக் கல்லூரி, அதனால் கட்டணம் உங்கள் வீட்டுக்குத் தாங்கும். ஓவியம், சிற்பம் மட்டுமல்ல, காட்சிவழித் தகவல் வடிவமைப்பு, துகில் வடிவமைப்பு, சுடுமண் கலை என்று பல பிரிவுகள் உண்டு. "ஓவியம்தான் வேண்டும்" என்று ஒற்றைக்காலில் நிற்காதே. வடிவமைப்பும் துகிலும் படித்தவர்களுக்குச் சம்பள வேலை சீக்கிரம் கிடைக்கிறது, சாயங்காலம் ஓவியம் வரைய யாரும் தடை சொல்லப் போவதில்லை. கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. இரண்டுக்கும் விண்ணப்பம் போடு. கும்பகோணத்தில் சாப்பாடும் அறையும் சென்னையைவிட மலிவு.

சேர்க்கையில் செய்முறைத் தேர்வுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். போட்டோவைப் பார்த்துப் பென்சிலில் நடிகர் முகம் வரைந்து பழகிய பையன்கள் அங்கே திணறுவார்கள். முன்னால் இருக்கும் பொருளைப் பார்த்து வரையப் பழகு. தாளுக்குச் செலவே வேண்டாம். அச்சகத்தில் ஓரம் வெட்டிய தாள்கட்டைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். காலையில் பேருந்து நிலையத்தில் நின்று, மூட்டை தூக்குகிறவர்களின் முதுகை மட்டும் நூறு தடவை வரை. மாதம் ஒரு ஞாயிறு கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போ. இளவரசியைத் தூக்கிப் போகும் குறவன் சிற்பத்தின் முன் உட்கார்ந்து முகத்தை விட்டுவிடு, கையையும் விரலையும் பார். கல்லில் விலா எலும்பு எங்கே தொடங்கித் தோலுக்குள் எங்கே மறைகிறது என்று பென்சிலால் தேடு. எந்தப் பயிற்சி மையமும் அதைச் சொல்லித் தராது.

இனி பணம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டு உயர்கல்வியில் சேர்ந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கே வரும் (பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண்). அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா என்று இன்றே தேடு. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் கல்வி உதவித்தொகை தருகிறது, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அட்டை பெட்டியடியில் கிடக்க, பையன் கந்துவட்டிக்குப் பணம் வாங்கிப் படிக்கிற கூத்தை நம் பக்கத்தில் நிறையப் பார்க்கலாம். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறைக் கல்லூரி விடுதிகளில் தங்கவும் சாப்பிடவும் கட்டணம் இல்லை. சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் ரிசல்ட் வரும் முன்பே இ-சேவை மையத்தில் எடுத்து வைத்துவிடு. எழும்பூரில் இறங்கினால் கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம், ஆட்டோக்காரர் என்ன சொன்னாலும் சரி.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி: வயது 22. பத்து வருடமாகப் பரதம் கற்கிறேன். அரங்கேற்றம் செய்தால்தான் சென்னையில் மதிப்பார்கள் என்கிறார்கள். மூன்று லட்சம் ஆகுமாம். அம்மா வளையலை அடகு வைக்கத் தயார்.

வைக்க வேண்டாம் தங்கச்சி. அந்த மூன்று லட்சத்தில் பாட்டு, மிருதங்கம், வயலின், நட்டுவாங்கத்துக்குப் போவது ஒரு பங்கு. மண்டபம், மேக்கப், வீடியோ, வந்தவர்களுக்கு விருந்து, தாம்பூலப் பை என்று மிச்சமெல்லாம் கல்யாணச் செலவு. நம் ஊர்க் கோயில் திருவிழா மேடையில் ஒரு முழு மார்க்கம் (ஒரு கச்சேரியின் உருப்படிகள் முழுவதும் வரிசையாக) ஆடு, நல்ல வெளிச்சத்தில் ஒரே கோணத்தில் வெட்டில்லாமல் பதிவு செய். உன்னை எடைபோடுகிறவர்களுக்கு அது போதும்.

உன் வயதுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது, சீக்கிரம் சாத்திவிடும். மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயதுள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டு உதவித்தொகை தருகிறது. குருவிடம் குறைந்தது ஐந்தாண்டு பயின்றிருக்க வேண்டும், அது உனக்கு இருக்கிறது. அறிவிப்பு வந்தவுடன் விண்ணப்பித்துவிடு.

இன்னொன்று. நட்டுவாங்கம் கற்றுக்கொள். மேடையில் ஆட வருகிறவர்கள் ஆயிரம் பேர், தாளம் பிசகாமல் ஜதி சொல்லி ஆட்டுவிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. பிறர் அரங்கேற்றத்துக்கெல்லாம் உன்னைத் தேடி வருவார்கள், அதில் சாப்பிடலாம். சென்னை அரசு இசைக் கல்லூரியில் அதற்குத் தனிப் படிப்பே இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே பயில்வதானால் வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகளை முதலில் விசாரி. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை என்பதால், வகுப்புக்குப் பக்கத்தில் அதிக வாடகைக்கு அறை பிடிப்பதைவிட இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருப்பது லாபம். மேடை தருகிறோம், இவ்வளவு கட்டுங்கள் என்று கேட்பவர்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு.

நாங்குநேரிப் பக்கம், வில்லிசைக் கலைஞர்: வயது 29. சத்திரம் புதுக்குளத்துச் சுப்பு ஆறுமுகம் ஐயா சென்னைக்குப் போனதால்தானே பத்மஸ்ரீ வரை வந்தார்? நானும் குடிபெயரலாமா?

அவரைக் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். உங்களைக் கூட்டிப் போக யார் காத்திருக்கிறார்கள், தம்பி?

உங்கள் வருமானம் இங்கே இருக்கிறது. பங்குனி தொடங்கி ஆடி வரை செவ்வாயும் வெள்ளியும் சுடலைமாடனுக்கும் அம்மனுக்கும் கொடை விழா. அச்சாரம் வாங்கின தேதிகளை விட்டுவிட்டுச் சென்னையில் யாரோ கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருப்பது பைத்தியக்காரத்தனம். கொடை இல்லாத மாதங்களில் போய்வாருங்கள், அது போதும். பொங்கலையொட்டி அரசு நடத்தும் சென்னை சங்கமம் மாதிரி மேடைகளுக்குக் கலை பண்பாட்டுத் துறை வழியாகத்தான் போக வேண்டும், அதன் மண்டல மையம் திருநெல்வேலியிலேயே இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினர் ஆகிவிட்டீர்களா? 18 முதல் 60 வயது வரை சேரலாம். குழுவில் உடுக்கைக்காரர், குடக்காரர் எல்லோரையும் சேர்த்துவிடுங்கள். குழுவை நடத்தும் அண்ணாவி மட்டும் அட்டை வைத்திருப்பது அழகல்ல.

சென்னைக்கு ஒப்புக்கொள்ளும்போது சன்மானத்தை மட்டும் பேசாதீர்கள். ஆறு பேருக்குப் போகவர ரயில், ஒரு ராத்திரி தங்கல், வில்லையும் குடத்தையும் ஏற்றி இறக்க வண்டி எல்லாவற்றையும் வாட்ஸப்பில் எழுத்தாக வாங்குங்கள். நாணைக் கழற்றி வில்லைத் தனியாகக் கட்டுங்கள். குடத்துக்குள் பழைய வேட்டியைத் திணித்து, வெளியே வைக்கோல் சுற்றிச் சாக்கில் தைத்து, மடியில் வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். எழும்பூரில் உடைந்தால் அந்தச் சத்தம் வருகிற மண்குடத்துக்கு எங்கே போவீர்கள்?

தென்காசி, உதவி இயக்குநர் ஆக விரும்பும் வாசகர்: 40,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். எவ்வளவு நாள் தாங்கும்?

சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் மூன்று பேர் சேர்ந்து அறை எடுத்தால் உன் பங்கு 4,500 என்று வை. முன்பணத்தில் பங்கு 10,000 போய்விடும், பாக்கி 30,000. அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். வெட்கப்படாமல் அங்கே சாப்பிட்டாலும், ராத்திரிச் சாப்பாடு, டீ எல்லாம் சேர்ந்து மாதம் 5,000. மாநகரப் பேருந்து மாதச் சீட்டு 1,000. போன், சோப்பு, சலவை 1,500. ஆக மாதம் 12,000. பொங்கலுக்குக் கிளம்பினால் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குத் திரும்பி வந்துவிடுவாய். அதற்குள் ஒரு இயக்குநரின் அலுவலகத்துக்குள் நுழைவதே பெரிய காரியம். நுழைந்தாலும் கதை விவாத காலத்தில் பேட்டா கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

எனவே இந்த வருடம் போகாதே. தென்காசியிலோ நெல்லையிலோ ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள். எடிட்டிங் தெரிந்தவன் சென்னையில் பட்டினி கிடப்பதில்லை, ராத்திரி உட்கார்ந்து நாலு யூடியூப் சேனலுக்கு வெட்டிக் கொடுத்து வாடகையைப் பார்த்துக்கொள்வான். முறையாகப் படிக்க வழியிருந்தால் தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனம் இருக்கிறது. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் உண்டு, தனியார் கேட்கும் தொகையில் சிறு பங்குதான் கட்டணம்.

கதையை யாரிடமாவது சொல்வதற்கு முன்னால் முழுத் திரைக்கதையாக எழுதிவிடு. காப்புரிமை எழுதப்பட்ட வடிவத்துக்குத்தான், மனதில் இருக்கும் கருவுக்குக் கிடையாது. இலக்கியப் படைப்பாகப் பதிய அரசுக் கட்டணம் 500 ரூபாய். ஆடிஷனுக்கும் "கார்டு" (சினிமா சங்க உறுப்பினர் அட்டை) வாங்கித் தரவும் பணம் கேட்கிறவன் எவனாக இருந்தாலும் திருடன்.

களக்காடு, ஒரு தந்தை: மகனுக்கு 27. நாடகம் நாடகம் என்று அலைகிறான். எத்தனை வயது வரை பொறுக்கலாம்?

வயதை விடுங்கள் ஐயா. போன வருடத்தைவிட இந்த வருடம் உங்களிடம் குறைவாகப் பணம் கேட்டானா? ஆம் என்றால் பொறுத்திருங்கள். அவனிடம் ஒன்று சொல்லுங்கள்: புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துக்கு முதுகலைப் படிப்பு இருக்கிறது, டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படிக்கும்போதே உதவித்தொகை உண்டு. முறையான பட்டம் இருந்தால் கல்லூரி, பள்ளிகளில் வேலைக்கு வழி பிறக்கும்.

மகாராஜநகர், ஓவியர்: சென்னையில் பெரிய அளவில் வரைய இடமில்லை. ஸ்டூடியோ வாடகைக்கு எடுக்கக் கட்டுப்படியாகுமா?

தனியாக எடுத்தால் கட்டுப்படியாகாது. கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமியின் மண்டல மையத்தில் ஓவியம், சிற்பம், பதிப்போவியம், சுடுமண் எல்லாவற்றுக்கும் பொது ஸ்டூடியோ உண்டு, வாடகை குறைவு. விண்ணப்பித்து இடம் வாங்க வேண்டும். ஆனால் உங்களுக்கு வீட்டு மாடி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இங்கேயே வரையுங்கள். கான்வாஸைச் சட்டத்திலிருந்து பிரித்து, நன்றாகக் காய்ந்த பிறகு பெயின்ட் பக்கம் வெளியே இருக்கும்படி தடித்த பிவிசி குழாயின் மேல் சுற்றுங்கள். உள்பக்கமாகச் சுற்றினால் பெயின்ட் நசுங்கி மடிப்பு விழும். இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள், செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் மேல் பெர்த்தில் உங்களோடு படுத்து வந்துவிடும். சட்டத்தைச் சென்னையில் அடித்துக்கொள்ளலாம், அந்தச் செலவையும் கேலரிக் கமிஷனையும் சேர்த்த பிறகே விலை சொல்லுங்கள்.