தானாக நகரும் செஸ் போர்டு: கேளுங்க, சொல்றேன்

சர்க்யூட் வேலைதான் என் பிழைப்பு. மொபைலில் எதிராளி ஆடினதும் பலகைக்கு அடியில் இருக்கும் காந்தம் இங்கே காயை இழுத்துப் போகும் போர்டை, சென்னைக் கல்லூரி டீம்கள் சிலவற்றோடு சேர்ந்து செய்திருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில்.

அக்கா, நாலு பேர் டீம். எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போறோம். முதல்ல மோட்டாரா, இஎஸ்பி32 கன்ட்ரோலரா? (இசிஇ மூணாவது வருஷம், தாம்பரம்)

ரெண்டும் வேண்டாம் தம்பி, முதலில் காய் வாங்குங்க. பி1 கட்டத்துக் குதிரை சி3 கட்டத்துக்குப் போகணும்னா பி2, சி2 சிப்பாய்களுக்கு நடுவில் கோட்டு மேலேயே போகணும். கட்டம் 5 செ.மீ. என்றால் கோட்டிலிருந்து சிப்பாயின் மையம் 2.5 செ.மீ.தான். குதிரை அடிப்பாகத்தில் பாதி, சிப்பாய் அடிப்பாகத்தில் பாதி, ரெண்டும் சேர்ந்து அதற்குள் அடங்கணும். போட்டிகளில் வைக்கிற பெரிய செட் இதில் அடங்காது. ஒரு டீம் சட்டம், பெல்ட் எல்லாம் பூட்டி முடித்த பிறகு இதைக் கண்டுபிடித்து, மறுபடி முதலிலிருந்து அறுத்தார்கள். வெட்டுப்பட்ட காய்களை ஒதுக்க ரெண்டு பக்கமும் இடம் விடுவதையும் இப்பவே கணக்கில் சேருங்க.

மோட்டாருக்கு, சுற்றுக்கு 200 ஸ்டெப் வைக்கும் நெமா 17 ஸ்டெப்பர் போதும். 20 பல் புல்லி, பல்லுக்குப் பல் 2 மி.மீ. இடைவெளி உள்ள பெல்ட், ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. டிரைவரை 1/16-இல், அதாவது ஒரு ஸ்டெப்பைப் பதினாறாகப் பிரிக்கும்படி வைத்தால் ஒரு மி.மீ.க்கு 80 ஸ்டெப். செஸ்ஸுக்கு இதுவே அதிகம்.

எந்தக் காய்னு போர்டுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொண்ணுலயும் அடையாளம் சொல்ற ஆர்எஃப்ஐடி சிப் ஒட்டணுமா? (கிண்டி)

ஒட்ட வேண்டாம். ஆரம்பத்தில் எது எங்கே என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. கட்டத்துக்கு ஒரு ரீட் சுவிட்ச் (காயின் அடியில் உள்ள காந்தம் பக்கத்தில் வந்தால் மூடும் சுவிட்ச்), மொத்தம் 64. அவை சொல்வது "ஆள் இருக்கு, இல்லை" மட்டும். மீதியை புரோகிராம் நினைவில் வைத்துக்கொள்ளும்.

சிக்கலே வெட்டும்போதுதான். வெட்டப்பட்ட கட்டம் முன்பும் நிரம்பியிருந்தது, பிறகும் நிரம்பியிருக்கும். ராணி மூணு பக்கம் வெட்ட முடியும் என்றால், முடிவை மட்டும் பார்த்து எதை வெட்டியது என்று சொல்லவே முடியாது. எதிராளி காய் தூக்கப்பட்ட அந்த நொடியைப் பிடிக்கணும். அதனால் 64 கட்டத்தையும் நொடிக்குப் பல தடவை படியுங்க, தூக்கிய வரிசையைப் பதிவு பண்ணுங்க, பைதான்-செஸ் என்ற லைப்ரரி தரும் சட்டப்படியான நகர்வுகளோடு ஒப்பிடுங்க. ராஜாவும் யானையும் ஒரே முறையில் நகரும் கேஸ்லிங்கில் ராஜா ரெண்டு கட்டம் போனதுமே புரிந்துவிடும். யானை இடம் மாறும்வரை அடுத்த நகர்வை ஏற்காமல் நிறுத்திவைத்தால் சரி. சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனால் என்ன காய் வேண்டும் என்று வெப் ஆப் கேட்கட்டும், வேறு வழி கிடையாது.

காலி கட்டத்திலயும் காய் இருக்குன்னு காட்டுது அக்கா. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு!

பேயேதான், அதன் பெயரே "கோஸ்டிங்". சுவிட்சுகளை 8×8 மேட்ரிக்ஸாக இணைத்து, டயோடு (கரன்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) போடலை, சரியா? ஒரு செவ்வகத்தின் மூணு மூலையில் காய் நின்றால் கரன்ட் சுற்றி வந்து நாலாவது மூலையையும் நிரம்பியதாகக் காட்டும். சுவிட்சுக்கு ஒரு டயோடு போடுங்க. இல்லைன்னா சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து படிக்கும் 16 சேனல் மல்டிபிளெக்ஸர் சிப் நாலு.

மேக்னட் ஆஃப் ஆகும்போதெல்லாம் இஎஸ்பி32 ரீசெட் ஆகுது.

மின்காந்தத்தின் கம்பிச்சுருளில் ஓடும் கரன்ட்டை வெட்டும்போது எழும் வோல்டேஜ்தான் காரணம். சுருளுக்குக் குறுக்கே டயோடு, மோட்டாருக்கும் கன்ட்ரோலருக்கும் தனித்தனி சப்ளை. காந்தத்தைச் சுமக்கும் வண்டி ஓடும்போது ரீட் சுவிட்சுகளைப் படிக்காதீங்க, அடியிலிருந்து வரும் காந்தமும் அவற்றை மூடிவிடும். பலகை தடித்தால் இழுவை சட்டெனக் குறையும். 3 மி.மீ. அக்ரிலிக் போடுங்க.

ஆன்லைன்ல யாரோட வேணும்னாலும் ஆட முடியுமா?

லிச்செஸ் என்ற ஆன்லைன் செஸ் தளம், வெளியே இருக்கும் பலகையை அதோடு இணைக்க இதற்கென்றே ஒரு போர்டு ஏபிஐயை இலவசமாகத் தருகிறது. முகம் தெரியாதவரோடு ஜோடி சேர ரேபிட் அல்லது அதைவிட மெதுவான ஆட்டம்தான். அதில் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சினின் யோசனையை நுழைத்தால் கணக்கு போய்விடும். எஞ்சினோடு ஆடணும்னா அதை உங்கள் சர்வரிலேயே ஓட்டுங்க.

மேடம், பையன் "உலகத்துலயே முதல்"னு ரிப்போர்ட்ல எழுதியிருக்கான். சரியா? (ஒரு அப்பா, பெரம்பூர்)

அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்க சார். ஸ்பெயினின் டோரெஸ் கெவெடோ 1912-லேயே ராஜா-யானை முடிவாட்டம் ஆடும் எந்திரம் செய்தார். 1920 மாடலில் பலகைக்கு அடியில் காந்தம் வைத்தே காய் நகர்த்தினார்கள். 1983-இல் மில்டன் பிராட்லி என்ற அமெரிக்க விளையாட்டுப் பொருள் கம்பெனி இப்படி ஒரு போர்டைக் கடைக்கே கொண்டுவந்துவிட்டது. "குறைந்த செலவில், வெப் ஆப்புடன்" என்று எழுதினால் வைவாவில் தப்பிக்கலாம்.

2022 ஒலிம்பியாடுக்கு நேப்பியர் பாலத்துல அடிச்ச மாதிரி கறுப்பு வெள்ளை பெயின்ட் அடிக்கலாமா?

ஆசை புரியுது. ஆனால் கட்டத்தின் ஓரத்தில் பெயின்ட் திட்டாக நிற்கும், காய் அதில் தட்டி நிற்கும். வினைல் ஸ்டிக்கர் ஒரே தாளாக அடித்து ஒட்டுங்க, மூலையில் குமிழி இல்லாமல்.