ஒண்ணாம் தேதி வரை காத்திருந்த கண்

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. கிளாக்கோமா (கண்ணுக்குள் பிரஷர் ஏறிப் பார்வை நரம்பு கெடும் நோய்) என்று நான்கு வருடம் முன்பு வலது கண்ணில் ஆபரேஷன் ஆனது. போன மாதம் 27ஆம் தேதி அந்தக் கண் சிவந்தது. 1ஆம் தேதி கரூரில் அண்ணன் வீட்டுக்குப் போகிற முறை என்பதால், அங்கே காட்டிக்கொள்ளட்டும் என்று மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தேன். வெயில் கூசுகிறது என்று பஸ்ஸில் முந்தானையால் கண்ணை மூடியபடியே வந்தார். மறுநாள் காலை பார்வை மங்கிவிட்டது. கண்ணுக்குள் ஊசி போட்டும் கையசைவுதான் தெரிகிறது. காலையில் அம்மாவின் தலையணை நனைந்திருப்பது அண்ணிக்கு முன்பே தெரியுமாம், சொல்லவில்லை. நான்கு வருடம் கழித்து எப்படிக் கிருமி வரும்? டாக்டர் தவறா? இடது கண்ணுக்கும் ஆபரேஷன் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: தம்பி, டாக்டரை அப்புறம் பார்ப்போம். "1ஆம் தேதி முறை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதற்கு மேல் கடிதம் ஓடவில்லை. 27ஆம் தேதிக்கும் 1ஆம் தேதிக்கும் நடுவே திருச்சியில் ஒரு கண் டாக்டர்கூட இல்லையா? செலவு அண்ணன் கணக்கில் விழட்டும் என்று நினைத்தீர்களா, அலைச்சல் அவருக்குப் போகட்டும் என்று நினைத்தீர்களா? எதுவானாலும், அந்த நாட்களில் அம்மா இரண்டு பிள்ளைகளில் ஒருவர் பொறுப்பிலும் இல்லை. இடுப்பு எலும்பு, சர்க்கரைப் புண், நெஞ்சுவலி என்று இதே கதை எனக்கு எத்தனையோ கடிதங்களில் வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரு மாதக் கடைசி இருக்கிறது.

கிருமி எப்படி வந்தது என்று சொல்கிறேன். டிராபெகுலெக்டமி என்ற இந்த ஆபரேஷனில், கண்ணுக்குள் தேங்கும் நீர் வடிய வெள்ளைவிழியில் ஒரு வழி திறப்பார்கள். அந்த நீர் மேல் இமைக்கு அடியில் சிறு கொப்புளம்போல் நிற்கும். ஆறித் தழும்பாகி வழி அடைபடாமலிருக்கப் பெரும்பாலும் மைட்டோமைசின் என்ற மருந்தைத் தடவுவார்கள். அதில் கொப்புளத்தின் தோல் மெலிந்துபோவதும் உண்டு. வெளியே இருக்கும் கிருமிக்கும் கண்ணின் உட்புறத்துக்கும் நடுவே அந்த மெல்லிய தோல்தான். அது நான்கு வருடத்திலும் கசியலாம், பதினைந்து வருடத்திலும் கசியலாம். ஜப்பானில் இப்படி ஆபரேஷன் ஆன 1,098 கண்களை 5 வருடம் கவனித்தார்கள். நூற்றுக்கு இரண்டுக்குச் சற்று மேல் கிருமி புகுந்தது. கசிந்த கண்களுக்கு ஆபத்து நான்கு மடங்குக்கும் மேல்.

இப்போது அந்தத் தலையணையை நினைத்துப் பாருங்கள். அண்ணியைக் குறை சொல்ல எழுதினீர்கள். அந்த ஈரம் கொப்புளத்தின் கசிவாகவே இருந்திருக்கலாம். ஈரம் கரூரில், சிவப்பு திருச்சியில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு வீடு இல்லை. அண்ணி சொல்லவில்லை, சரி. நீங்கள் கேட்டீர்களா? அம்மாவின் துணிப்பை மட்டும்தானே வீடு மாறி வந்தது?

மெடிக்கலில் வாங்கியதை மெட்ராஸ் ஐ என்று நினைத்துக் கொடுத்திருப்பார்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அது சிவப்பை மறைக்கும், கண் பிரஷரை ஏற்றும். இந்த ஆபரேஷன் ஆன கண் சிவந்தால், கூசினால், வலித்தால், பீளை தள்ளினால், மங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ராத்திரி என்றாலும் போக வேண்டும். கிருமி கொப்புளத்தோடு நிற்கும்போது பிடித்தால் பெரும்பாலும் மருந்திலேயே பார்வையைக் காப்பாற்றலாம். உள்ளே இறங்கிவிட்டால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. டிஸ்சார்ஜ் சீட்டில் இதை எழுதியிருந்தார்களா என்று எடுத்துப் பாருங்கள். எழுதவும் இல்லை, வாயால் சொல்லவும் இல்லை என்றால் டாக்டரைக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நான்கு வருடம் கழித்துக் கிருமி வந்ததை மட்டும் வைத்து அவர் தவறு என்று நான் சொல்லமாட்டேன்.

இடது கண்ணைப் பயத்தில் விட்டுவிடாதீர்கள். கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது, அம்மாவுக்கு மிச்சம் அந்த ஒரு கண்தான். வலது கண்ணில் நடந்ததை முழுதும் சொல்லி, சொட்டு மருந்திலோ லேசரிலோ பிரஷர் அடங்குமா, ஆபரேஷன்தான் என்றால் எந்த வகை என்று கேட்டு முடிவெடுங்கள்.

அதற்கு முன் அண்ணனைக் கூப்பிட்டு உட்காருங்கள். இனி அம்மா ஒரே வீட்டில். எந்த வீடு என்பதை அம்மாவே சொல்லட்டும், இதுவரை அவரை யாரும் கேட்டிருக்கமாட்டீர்கள். மற்றவர் பணம் கொடுக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கட்டும். பெற்றவளை வாடகைச் சாமான் மாதிரி மாதக் கணக்கில் கைமாற்றுவதை நான் நியாயம் என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டேன். அம்மாவின் கண் ஆஸ்பத்திரி ஃபைல் இப்போது யார் வீட்டில் இருக்கிறது? தேடி எடுத்து அம்மா இருக்கிற வீட்டில் வையுங்கள். அடுத்த 1ஆம் தேதிக்குப் பையைக் கட்டாதீர்கள்.